எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்



கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகிற நேரத்தில், மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு புள்ளி விடுபட்டிருப்பது கண்ணில் படுகிறது. "கர்வ் பண்ணியாச்சுங்க, மறுபடியும் டைப் அடிச்சாத்தான் உண்டு" என்கிறார் டிடிபி கடைக்காரர். அவர் சொல்வது உண்மைதான்.

கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் எல்லாம் வெக்டர் மென்பொருள்கள். இவற்றில் படம் என்பது கோடுகளும் வளைவுகளும்தான். அதனால் சின்னதாக வரைந்ததை ஃபிளெக்ஸ் பேனர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. ஆனால் நாம் டைப் அடிப்பது கோப்பில் எழுத்தாகவே இருக்கிறது. அதற்கு உருவம் கொடுப்பது ஃபாண்ட். கர்வ் பண்ணினால் அந்தத் தொடர்பு அறுந்து, 'க' வெறும் வடிவமாகிவிடும்.

பிறகு ஏன் கர்வ் பண்ணுகிறார்கள்? பயம்தான். பாமினி போன்ற பழைய ஃபாண்டுகளில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பாமினியில் அடித்த 'வணக்கம்', அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் எப்படித் தெரியும் தெரியுமா? டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி! மெய்யெழுத்தின் புள்ளிக்கு அங்கே கிடைத்த இடம் அரைப்புள்ளி. அச்சகத்தில் இப்படி ஒருமுறை பார்த்தவர் கர்வ் பண்ணாமல் கோப்பை அனுப்பவே மாட்டார்.

தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் உள்ள யூனிகோடில் இந்தக் கூத்து இல்லை. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக்கொண்டது. கேட்ட ஃபாண்ட் இல்லையென்றால் வேறொரு தமிழ் ஃபாண்டில் தெரியும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 'கோ' என்று அடித்தால் கோப்பில் ககரம் முதலிலும் ஓகாரக் குறி அடுத்தும் பதிவாகும். அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. இங்க்ஸ்கேப் தானாகவே செய்துவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் கொம்பு இடம் மாறி நின்றால், பத்தி அமைப்புக்குள் போய் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள்.

எனக்கு மனம் பொறுக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எழுத்து தடிமனாகத் தெரிய வேண்டுமென்று சுற்றிலும் அவுட்லைன் போடுகிறார்கள். ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. பெயர் நீளமாக இருந்தால் பக்கவாட்டில் பிடித்து நசுக்குகிறார்கள். நிற்கிற கோடு மெலிகிறது, படுத்த கோடு அப்படியே தடித்து நிற்கிறது, எழுத்தின் அழகே போய்விடுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபாண்டில் மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 கனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுழிக்குள் எவ்வளவு வெளி வேண்டுமென்று பார்த்து வரைந்திருக்கிறார்கள். காசும் கிடையாது. பெயர் அடங்கவில்லையா, எழுத்தின் அளவைக் குறையுங்கள், அல்லது இரண்டு வரியாக்குங்கள். வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். மேல் வரியின் 'மூ' கீழ் வரியின் 'கீ'யோடு முட்டக் கூடாது.

கர்வ் பண்ணுவது தப்பே இல்லை. மெய்ப்புப் பார்த்து முடித்தபின், வேறு பெயரில் சேமித்த பிரதியில் பண்ணுங்கள். மூலக்கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். இணையப் பக்கத்துக்குள் நேரடியாகச் சேர்க்கும் எஸ்விஜி என்ற வெக்டர் படமானால், முடிந்தவரை அதிலும் எழுத்தை அப்படியே விடுங்கள். பார்வையற்றவர்களுக்குக் கணினி வாசித்துக் காட்டுவது எழுத்தைத்தான். கர்வ் பண்ணிய பெயர் அதற்கு வெறும் கோடு.