கணினி வலையும் நாம் அறிந்த தண்டவாளமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தாராவியில் வந்து குடியேறிய நம் முன்னோரில் பலர் எழுத்தறியாதவர். ஊரிலிருந்து தந்தி வந்தால், படித்துச் சொல்ல ஒருவரைத் தேடி ஓடுவர். அவர் சொன்னதே செய்தி. அந்தத் தந்தி 2013 ஜூலையில் நின்றது. ஆயினும் கைப்பேசியில் வரும் சொற்களின் பொருள் அறியாது, இன்றும் பிறர் வாயையே பார்த்து நிற்கிறோம். ஆதலின் அவற்றுள் சிலவற்றை, நமக்குப் பழகிய இரயில்வேயைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

முதலாவது 'பாக்கெட்'. நாம் அனுப்பும் படமோ கடிதமோ முழுதாகச் செல்வதில்லை. சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொதியிலும் வரிசை எண்ணும், சேருமிடத்தின் எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். சேருமிடத்தின் எண்ணே 'ஐ.பி. முகவரி'. அதனைப் பார்த்து, அடுத்துச் செல்லும் வழியைக் காட்டும் ஜங்ஷனே 'ரூட்டர்'. பொதிகள் வெவ்வேறு பாதையில் சென்றாலும், முடிவில் வரிசைப்படி அடுக்கப்பெறும்.

'புரோட்டோகால்' என்பது யாவரும் ஒப்பிய விதி. முன்னாளில் திருநெல்வேலியிலிருந்து மீட்டர் கேஜில் வந்தோர், எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சென்ட்ரலுக்குச் சென்று, பிராட் கேஜில் பம்பாய்க்கு ஏறினர். அவ்வாறு இறங்கி ஏறாமல், உலகக் கணினிகளை ஒரே கேஜில் இணைப்பது 'டி.சி.பி.-ஐ.பி.' என்னும் விதி.

'பேண்ட்விட்த்' என்பது ஒரு வினாடியில் எவ்வளவு செய்தி செல்லக்கூடும் என்னும் அளவு. இரு தடங்கள் நான்கானால், ஒரு வண்டியின் வேகம் கூடாது. செல்லும் வண்டிகள் கூடும்.

நம் மும்பைக்கு இதில் தனியிடம் உண்டு. கடலடிக் கேபிள்கள் பல வர்சோவாவில் கரையேறுகின்றன. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரு கேபிள்கள் அறுந்தபோது, இந்தியாவில் இணையம் பெரிதும் தளர்ந்தது. ஆயினும் முற்றும் நிற்கவில்லை. பொதிகள் வேறு வழியாகச் சுற்றி வந்தன.

இறுதியாக 'ஓ.டி.பி.', ஒரு முறை மட்டும் செல்லும் இரகசிய எண். முன்னாளில் ஒற்றைத் தடத்தில் டோக்கன் பெற்ற வண்டியே சென்றது. அது போன்றதே இவ்வெண்ணும். யார் கையில் உள்ளதோ, அவருக்கே வழி திறக்கும்.

நம் காலனித் தாயார் ஒருவருக்கு, வங்கியிலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு வந்தது. எவருக்கும் சொல்லலாகாது என்று அச்செய்தியிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படிக்கத் தெரியாத அவர், "இது என்ன எண், தம்பி?" என்று அழைத்தவனையே கேட்டார். மகளின் படிப்புக்குச் சேர்த்த பணம் போயிற்று.

பிள்ளைகளே! ஞாயிறுதோறும் அரைமணி நேரம், உங்கள் பாட்டிக்கும் தாய்க்கும் இச்சொற்களைத் தமிழில் எடுத்துரையுங்கள். அழைத்தவனிடம் பொருள் கேட்கும் நிலை, இனி நம் இல்லத்தில் எவருக்கும் வேண்டா.