துறவும் அறுவையும்



திருமண ஆயத்த வகுப்பில் ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார்: "சாமி, நீங்கள் பிள்ளை வேண்டாமென்றுதானே குருவானீர்கள்? நாங்கள் பிள்ளை வேண்டாமென்று கருத்தடை அறுவை செய்துகொண்டால் மட்டும் பாவமா?" நியாயமான கேள்வி. சினமின்றிப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் முதல் சட்டமே இதை ஒட்டியது. நோயின் பொருட்டு மருத்துவரால் விதை நீக்கப்பட்டவரும், பகைவரால் வலிந்து நீக்கப்பட்டவரும் குருவாயிருக்கலாம். நல்ல உடல்நலத்தோடு தாமே செய்துகொண்டவர் இருக்கலாகாது என்றது. ஆம், துறவுக்காகக்கூட உடலைச் சிதைக்கலாகாது. நாள்தோறும் மனத்தால் புதுப்பிப்பதே நம் துறவு.

இன்றைய கருத்தடை அறுவை அதுவன்று. எனினும் நோய், வன்முறை, தன்விருப்பம் என்ற அந்தப் பகுப்பு நமக்கும் வழிகாட்டும்.

நோயைத் தீர்க்கக் கருப்பையை அகற்ற நேர்ந்தால் பாவமில்லை. 1968-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் தம் சுற்றுமடலில், பிள்ளைப்பேற்றைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்ட அறுவையை விலக்கினார்; நோய்க்கான சிகிச்சையை விலக்கவில்லை.

நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77-இல் மட்டும், நாட்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அறுவை நடந்தது. மணமாகாதோரும் அதில் சிக்கியதை ஷா ஆணையம் பதிவு செய்தது. வற்புறுத்தப்பட்டவர்மேல் குற்றமில்லை.

எஞ்சியது தன்விருப்பம். 2006-இல் வெளியான அரசு விதிமுறையே, ஒரு வயது கடந்த பிள்ளை ஒன்றேனும் இருக்கவேண்டும் என்றது. திருச்சபை இன்னும் ஆழமாகக் கேட்கிறது: பிள்ளைகளை அன்புடன் ஏற்போம் என்று பீடத்தின்முன் வாக்களித்துவிட்டு, உள்ளத்தில் அதை அடியோடு மறுத்தால், அந்தத் திருமணமே செல்லுமா? செல்லாது என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். இயற்கை முறையில் அளவோடு திட்டமிடுவது வேறு. கதவையே அடைத்துவிடுவது வேறு.

ஆனால் இளைஞரை மட்டும் குறைசொல்லி அமைய நம்மால் இயலாது. வானம் பார்த்த நம் புதுக்கோட்டைச் சீமையில், படிப்புச் செலவும் வேலையின்மையும் அவர்களை அச்சுறுத்துகின்றன. அந்தப் பயத்தில் பங்கு அவர்களுக்குத் தோள் கொடுக்கிறதா? பிள்ளையில்லாத சகோதரியை 'மலடி' என்று குத்தும் நாக்கு, பிள்ளைப்பேற்றின் மேன்மையைப் போதிக்கத் தகுமா?

ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்களே, ஒப்புரவு அருட்சாதனம் உங்களுக்காகக் காத்திருக்கிறது, தயங்காமல் வாருங்கள்.

அந்த இளைஞர் இன்னும் முடிவெடுக்கவில்லை. மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!