தளக்கல் வாங்குமுன் கணக்கு
(மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே ஆற்றிய உரை)



சுவரும் கூரையும் அமைந்த பின்னர், தரை போடும் வேளையிலேதான் பலர் கையிருப்பு தீர்ந்து கடன்படுகின்றனர். கல் குறைந்தால் வேலை நிற்கும். மிகுந்தால் பணம் முடங்கும். இவற்றைத் தவிர்க்க அளவு நாடாவும் காகிதமும் போதும்.

முதலில் அறையின் உட்புறத்தை அளந்திடுங்கள். வெளியே 12 அடி உள்ள அறை, இருபுறமும் 9 அங்குலச் சுவர் போக, உள்ளே பத்தரை அடியே இருக்கும்.

உள்ளளவு 12 அடிக்கு 10 அடி கொண்ட கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஆத்தங்குடிக் கல் 8 அங்குலச் சதுரம் எனில், நீளத்தில் 18, அகலத்தில் 15. ஆக 270 கற்கள். அடுத்த அறை 10 அடிக்கு 9 அடி. ஒருபுறம் 15 கற்கள் சரியாக அமையும்; மறுபுறமோ பதின்மூன்றரை. பரப்பை மட்டும் கணக்கிட்டால் 203 போதும் எனத் தோன்றும். ஆனால் வெட்டிய கல்லின் மறுபாதி உடையாமல் கிடைக்கும் என்பது உறுதியன்று. ஆகவே 14 வரிசை எனக் கொண்டு 210 என எழுதுங்கள். மொத்தம் 480. உடைவிற்கென நூற்றுக்கு 5 வீதம் 24 சேர்த்தால் 504.

இக்கற்கள் சிமெண்டு, மணல், வண்ணம் கொண்டு கையால் செய்யப்படுபவை. ஒருமுறை வந்த நிறம் மறுமுறை அப்படியே அமைவது அரிது. எனவே அனைத்தையும் ஒருங்கே வாங்குவதே நலம். எஞ்சியவற்றைப் பத்திரப்படுத்துங்கள், பின்னாளில் ஒரு கல் விரிந்தால் உதவும்.

கொத்தனாரின் கண்மதிப்பை நான் குறை கூறவில்லை. அவரோடு அமர்ந்து கணக்கிடுங்கள். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கற்ற பரப்பளவுப் பாடம் வீட்டிற்குப் பயன்படட்டும்.