விலங்கின் கண்ணும் காமிராவின் கண்ணும்



கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவர மலைக்குச் செல்லும் சாலை, கருநாடகத்தில் வாழும் தமிழர் பலருக்குப் பழக்கமானது. 1956 வரை அப்பகுதி சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கியது. இரவில் அக்காட்டு வழியே செல்வோர், வண்டியின் விளக்கொளி பட்டதும் புதரோரத்தில் இரு புள்ளிகள் மின்னுவதைக் காணலாம். அவை ஏதோ ஒரு விலங்கின் கண்கள்.

இரவில் இரைதேடும் விலங்குகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற படலம் ஒன்று உண்டு. விழித்திரையைக் கடந்து சென்ற ஒளியை அது மீண்டும் அதன்மீதே திருப்புவதால், சிறிதளவு ஒளியும் இருமுறை பயன்படுகிறது. ஆங்கிலேயரான பெர்சி ஷா 1930-களில், சாலையில் பதிக்கும் ஒளிதிருப்பிக் கருவியைச் செய்தார். அதற்குப் 'பூனைக் கண்' என்றே பெயர். மின்சாரம் வேண்டாமல், வரும் வண்டியின் ஒளியைக் கொண்டே அது வழியைக் காட்டுகிறது.

ஒளியைச் சேர்ப்பது ஒரு திறமை. வேண்டாததை விலக்குவது அதனினும் அரிய திறமை. தன் முன்னே அசையாதிருக்கும் ஈயைத் தவளை பொருட்படுத்துவதில்லை. ஈ அசைந்தால் நாக்கை நீட்டிப் பிடித்துவிடுகிறது. ஜெரோம் லெட்வின் முதலிய விஞ்ஞானிகள் அமெரிக்காவில் 1959-ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து விளக்கினர். தவளையின் கண், சிறிய பொருளின் அசைவு போன்ற சில செய்திகளை மட்டுமே தேர்ந்து மூளைக்கு அனுப்புகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

சினிமாக் காமிராவோ, எதிரே மாற்றம் இருப்பினும் இல்லாவிடினும் நொடிக்கு 24 படங்களை எடுத்துக்கொண்டேயிருக்கும். மிஷா மஹோவால்டு என்ற பெண்மணியும் கார்வர் மீடும் விழித்திரையின் முறையைப் பின்பற்றிச் செய்த 'சிலிக்கன் விழித்திரை'யைப் பற்றி 1991-ல் எழுதினர். பின்வந்தோர் அதனைக் காமிராவாக வளர்த்தனர். அதன் ஒவ்வொரு புள்ளியும் தன்மீது விழும் ஒளி மாறினால் மட்டுமே செய்தி தரும். ஆதலால் மிக விரைவான அசைவும் அதற்குத் தப்புவதில்லை. கடும் வெயிலிலும் மங்கிய ஒளியிலும் அது தொழிற்படுகிறது.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் இத்தகைய காமிராவை நுண்பெருக்கியோடு இணைத்து, 50 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களின் இடத்தைக் கண்டறிந்து 2023-ல் வெளியிட்டனர். சாதாரண ஒளி நுண்பெருக்கி ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டுவதில்லை. உயிரணுவினுள் நிகழ்வனவற்றைத் தொடர்ந்து காண்பதற்கு இது துணைசெய்யும்.

இனி ஹனூர்க் காட்டிற்குத் திரும்புவோம். புலிகளைக் கணக்கிட நம் நாட்டுக் காடுகளில் வைக்கப்படும் தானியங்கிக் காமிராக்கள், உடல் வெப்பம் குறுக்கே நகர்ந்தால் படமெடுக்கின்றன. குழிவிரியன் பாம்பு கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள குழியினால் இரையின் வெப்பத்தை அறிவது போன்றது இது. ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு இராது. ஆகவே படத்தைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள். 2018–19 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிராக்கள் வைத்து, சுமார் மூன்றரைக் கோடி படங்கள் எடுத்தனர். அவற்றுள் புலிப் படங்கள் 76,651 மட்டுமே. வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலும் இக்கருவி ஏமாறுவதுண்டு. வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்கும் தவளையின் திறமை இங்கே எவ்வளவு தேவை என்பது சொல்லாமலே விளங்கும்.

2025 ஜூன் மாதம் மாதேசுவர மலைச் சரணாலயத்தில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் இறந்து கிடந்தன. நஞ்சிட்ட பசுவின் உடலைத் தின்றதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. காமிரா புலியைக் கணக்கிடும். மாட்டை இழந்த குடும்பத்தின் துயரம் அதில் பதிவதில்லை. படமெடுத்தவுடனே செய்தி அனுப்பும் காமிராக்கள் இன்று உண்டு. அச்செய்தி மாடு காட்டுக்குள் போகுமுன் மேய்ப்பவரின் வீட்டை எட்டவேண்டும். மாடு போய்விட்டாலோ, சினம் முற்றுமுன் இழப்பீடு கைக்கு வரவேண்டும். இவ்விரண்டும் கைகூடினால் ஹனூர்ப் பக்கத்து மாடுகளும் பிழைக்கும், புலிகளும் பிழைக்கும்.