வரைபடத்தில் இல்லாத ஊர்
(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அதிராம்பட்டினத்திற்கு அருகில் உள்ள ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். திறந்தநிலைப் புவியிடத் தரவுகளை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் இது கணினி ஆசிரியருக்கு உரியது என்று சிலர் நினைத்திருக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு புயல்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் இல்லை, கைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. பல ஊர்களில் அது பல நாட்கள் நீடித்தது.

மூன்றாம் நாள் மேற்கு மாவட்டத்திலிருந்து ஒரு நிவாரண வண்டி எங்கள் பள்ளி வாசலில் வந்து நின்றது. அரிசி, பாய், போர்வை, தார்ப்பாய், மெழுகுவர்த்தி எல்லாம் இருந்தன. ஓட்டுநர் தம்பி என்னிடம் கைபேசியைக் காட்டி, "சார், இந்த ரோட்டுக்குத் தெக்கால ஊரு ஏதும் இருக்கா? மேப்புல ஒண்ணுமே இல்லையே" என்றார். கிழக்குக் கடற்கரைச் சாலை தெரிந்தது, நகரமும் தெரிந்தது. அதற்குத் தெற்கே கடல் வரை வெறும் வெள்ளை.

அந்த வெள்ளைக்குள் எனக்குத் தெரிந்து ஒரு குக்கிராமம் இருந்தது. அங்கிருந்து பதினொரு பிள்ளைகள் என் பள்ளிக்கு நடந்து வருகிறார்கள். அன்று வரை ஒரு வண்டிகூட அங்கே போகவில்லை. சாலையோர ஊர்களுக்கு இரண்டு மூன்று முறை நிவாரணம் கிடைத்துவிட்டது. யாரும் வேண்டுமென்று அவர்களை விட்டுவிடவில்லை. அங்கே ஓர் ஊர் இருப்பது வந்தவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் வண்டியில் ஏறி வழி காட்டினேன். போகிற வழியெல்லாம் ஒரே நினைப்பு. பதினைந்து ஆண்டுகளாக நான் வரைபடம் கற்பித்திருக்கிறேன். உலக வரைபடத்தில் அமேசானையும் நைலையும் குறிக்கச் சொல்லி மதிப்பெண் போட்டிருக்கிறேன். என் மாணவரின் ஊர் எந்த வரைபடத்தில் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நண்பர்களே, இது எங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல. 2010 ஜனவரி 12 அன்று ஹைத்தி நாட்டில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மீட்புக் குழுவினர் நம்பிச் செல்லத்தக்க விரிவான தெரு வரைபடம் அப்போது இல்லை. உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள், புதிதாக வெளியிடப்பட்ட செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, தெருத் தெருவாக வரைந்து நிரப்பினார்கள். அவர்கள் வரைந்த இடம் 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்'. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட, எவரும் திருத்தக்கூடிய, எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய உலக வரைபடம் அது. விக்கிப்பீடியாவை நாம் அறிவோம் அல்லவா? அதுபோன்ற ஒன்று.

2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தபோது நிலைமை சற்று வேறு. காத்மாண்டுவில் இளைஞர் குழு ஒன்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் அந்த வரைபடத்தில் ஏற்றி வைத்திருந்தது. பேரிடர் வந்த பிறகு வரைவதைவிட, வருவதற்கு முன்பே வரைந்து வைப்பது எவ்வளவு பயன் தரும் என்பதை உலகம் அப்போது கண்டது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை மக்களே இணைய வரைபடத்தில் குறித்தார்கள். அதற்கு அடித்தளமாக இருந்ததும் இந்தத் திறந்த வரைபடம்தான்.

'திறந்த' என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். நம் மண்ணிலேயே அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணி, 1808இல் தஞ்சைக்கு வந்தது. சமவெளியில் உயரமான இடம் வேண்டுமே! பெரிய கோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்றினார்கள். ஏறக்குறைய அரை டன் எடை. கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதைப் பிரித்துத் தன் கையாலேயே சீர்செய்து மீண்டும் அளந்தார். அளந்தது நம் மண், ஆனால் வரைபடம் ஆள்பவர்களின் கையில் இருந்தது. இன்று நிலை மாறியிருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் எடுக்கப்பட்டவை. 2008 முதல் அவை அனைவருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் இலவசம். நம் இஸ்ரோவின் 'புவன்' தளம் 2009இல் வந்தது. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன்அனுமதி பெற வேண்டிய நிலையைப் பெருமளவு தளர்த்தின. கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளை எந்தக் கணினியிலும் காசில்லாமல் நிறுவலாம்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்?

2019ஆம் ஆண்டு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 26 பேரைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் தொடங்கினேன். முதல் வேலை கணினியில் இல்லை. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பள்ளி வரும் வழியை நினைவிலிருந்து தாளில் வரைந்தார்கள். பெண் பிள்ளைகள் குடிநீர்க் குழாயையும் தெருவிளக்கு இல்லாத இடத்தையும் வரைந்தார்கள். ஆண் பிள்ளைகள் விளையாட்டுத் திடலையும் மீன்பிடிக்கும் வாய்க்காலையும் வரைந்தார்கள். இரண்டையும் சேர்த்தால்தான் ஊர் வந்தது.

இரண்டாவதாக, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கணினியில் கோடு வரைந்தோம். இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். உப்பளத்தின் நடுவே நேராக ஒரு கோடு தெரிந்தது. பிள்ளைகள் அதைச் சாலை என்று குறித்துவிட்டார்கள். நானும் சரி என்றேன். மறுவாரம் நேரில் போய்ப் பார்த்தால் அது உப்புப் பாத்தியின் வரப்பு! மிதிவண்டிகூடப் போகாது. அதை நம்பி இரவில் ஓர் ஆம்புலன்ஸ் வந்திருந்தால்? அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி: படத்தில் பார்த்தது பாதி, காலால் நடந்து பார்த்ததுதான் மீதி. துபாயில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் அங்கிருந்தபடியே பல கட்டடங்களை வரைந்து தந்தார். எது அங்கன்வாடி, எது நியாயவிலைக் கடை, எந்தக் குழாயில் கோடையில் உப்புத்தண்ணீர் வரும் என்பது மட்டும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, அந்தக் குக்கிராமத்துப் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி. பிள்ளைகள் தாளோடு நிற்பதைப் பார்த்து, "வாத்தியாரய்யா, எங்களுக்குப் பட்டா இல்ல. இதைப் படமாப் போட்டா நாளைக்கு எவனாவது வந்து எந்திரின்னு சொல்ல மாட்டானா?" என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வரைபடத்தில் இல்லாததால் வந்த துன்பத்தைத்தான் நான் பார்த்திருந்தேன். வரைபடத்தில் இருப்பதாலும் துன்பம் வரலாம் என்பதை அவர் எனக்குக் கற்பித்தார்.

அன்று வேலையை நிறுத்தினோம். அடுத்த வாரம் ஊர்ப் பெரியவர்கள், பெண்கள், பெற்றோர் எல்லாரையும் கோயில் திண்ணையில் உட்காரவைத்துப் பேசினோம். எதைக் குறிக்கலாம், எதைக் குறிக்கக் கூடாது என்று அவர்களே முடிவு செய்தார்கள். வழி, பாலம், குழாய், பள்ளி, கடை, மேடான பாதுகாப்பான இடம், ஊரின் பெயர் ஆகியவை வேண்டும். வீட்டுக்காரர் பெயர், வீட்டின் படம், யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது வேண்டாம். இதில் நான் சேர்த்தவை மூன்று. பிள்ளைகளின் பெயரும் வீடும் எங்கும் வரக் கூடாது. பதிவேற்றம் ஆசிரியரின் கணக்கிலிருந்து மட்டுமே. பிற நிறுவனங்களின் வரைபடங்களைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது. அது பதிப்புரிமை மீறல்.

இப்போது பாடத்தோடு இதை எப்படி இணைப்பது என்று சொல்கிறேன்.

அதிராம்பட்டினத்தின் அட்சம் ஏறக்குறைய 10.34 வடக்கு, தீர்க்கம் 79.38 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள் என்றேன். ஊர் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுக்கு அருகே போய் விழுந்தது! வகுப்பே சிரித்தது. அதன்பின் ஒருவரும் அட்ச தீர்க்க வரிசையைத் தவறாக எழுதவில்லை. அட்சத்தில் மூன்றாம் தசம இலக்கம் ஒன்று மாறினால் ஏறக்குறைய 110 மீட்டர் தள்ளிப்போகும். நான்காம் இலக்கம் என்றால் 11 மீட்டர். தசமம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இது போதும்.

சென்டினல்-2 படத்தின் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஒரு மா நிலத்தில் எத்தனை கட்டம்? நம் பகுதியில் மூன்று மா ஓர் ஏக்கர். கணக்கிட்டால் ஏறக்குறைய 13. கணித ஆசிரியர் இதை எடுத்துக்கொள்ளலாம்.

அறிவியலுக்கு நம் நெல்லே பாடம். சம்பா நடவுக்காலத்தில் வானம் மூடிக்கிடக்கும். சாதாரணப் படத்தில் மேகம்தான் தெரியும். சென்டினல்-1 ரேடார் அலையை அனுப்புகிறது. அது மேகத்தைத் தாண்டி வரும். நீர் நிறைந்த வயல் கண்ணாடிபோல் அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கருப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வயல் வெளுக்கும். கருப்பிலிருந்து வெளுப்புக்கு மாறும் நாட்களைக் கொண்டு எங்கே, எப்போது நட்டார்கள் என்று கணிக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து இந்த முறையை நம் மாநிலத்தில் செயல்படுத்தியது. 2016-17 வறட்சியின்போது பயிர்க் காப்பீட்டுக்காக விதைக்க முடியாமல் போன பகுதிகளைக் கண்டறியவும் இது உதவியது. நம் மாணவரின் அப்பாவுக்குக் கிடைக்கும் இழப்பீட்டில் இந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு என்றால், அவர் பிள்ளை அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

முத்துப்பேட்டை முதல் அதிராம்பட்டினம் வரையுள்ள அலையாத்திக் காட்டின் படத்தைக் கஜாவுக்கு முன், பின் என்று அருகருகே வைத்துக் காட்டினேன். நல்ல இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். வாடிய இலை அப்படிச் செய்யாது. ஒரு மாணவி திரையில் மங்கிய திட்டைத் தொட்டு, "சார், இங்கதான் எங்க அப்பா நண்டு பிடிப்பாங்க" என்றாள். அதற்குமேல் நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், எங்களிடம் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் தெருவை வரையுங்கள். தீப்பெட்டியை வீடாகவும் நூலை வாய்க்காலாகவும் வையுங்கள். திசையைச் சூரியனைப் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். "மழை வந்தால் எங்கே தண்ணீர் நிற்கும்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதை ஒரு தாளில் படியெடுத்து வைத்தால் அதுவே தரவு. கணினியில் ஏற்றுவதை உயர்நிலைப் பள்ளி நண்பர் செய்து தருவார்.

இன்னொன்று. இந்த வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். நாம் நிற்கும் இடத்தைச் சொல்வது கைபேசிக் கோபுரம் மட்டுமல்ல, வானிலுள்ள செயற்கைக்கோள்களும்தான். கஜாவில் கோபுரங்கள் செயலிழந்தபோதும் அவை சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் ஒரு தாள் பிரதி அவசியம். கைபேசிக்கு மின்சாரம் வேண்டும், தாளுக்கு வேண்டாம்.

2020 டிசம்பரில் புரெவி புயலால் டெல்டாவில் பெருமழை கொட்டியது. பெருந்தொற்றால் அப்போது பள்ளி மூடியிருந்தது. ஒருநாள் மாலை அந்தக் குக்கிராமத்து மாணவன் அழைத்தான். "சார், நாம போட்ட மேப்பு தாளு பள்ளிக்கூடத்துல இருக்கா? சோறு கொண்டுவர்ற அண்ணனுங்க வழி கேக்குறாங்க" என்றான். தாள் பள்ளியில் பூட்டியிருந்தது. "வரைபடத்தில் ஊர்ப் பெயரைத் தமிழிலேயே தேடச் சொல்லு" என்றேன். சற்று நேரத்தில் மறுபடி அழைத்தான். "வந்துட்டாங்க சார்."

அந்தப் பெரியவரின் பட்டாக் கவலையை எங்கள் வரைபடம் தீர்த்துவிடவில்லை. உப்புத்தண்ணீர்க் குழாயும் அப்படியே இருக்கிறது. அந்த ஊருக்கு வழி கேட்டால் இப்போது விடை கிடைக்கும். இதுவரை நாங்கள் செய்தது அவ்வளவுதான்.

நண்பர்களே, இந்த முகாம் முடிந்து பள்ளிக்குத் திரும்பும் முதல் நாள், உங்கள் வகுப்பில் மிகத் தொலைவிலிருந்து நடந்து வரும் பிள்ளையின் ஊரைத் திறந்த வரைபடத்தில் தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தப் பிள்ளையிடம் காட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை அந்த வழியே ஒருமுறை நடந்து போய் வாருங்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும் போதும்.