அப்பத்தாவைப் பார்த்துக்கிறவங்களை யார் பார்த்துக்கிறது?

போன எபிசோட்ல கோடிங் பத்திப் பேசினோம். இன்னைக்கு வீட்டு விஷயம். ஆனா என்னோட ஒரு டெக் சொதப்பல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

எங்க அப்பத்தா பூம்பாறையில இருக்காங்க. கொடைக்கானல்ல இறங்கி, இன்னொரு பஸ் பிடிச்சு, மலைக்குள்ள ஒரு மணி நேரம் போகணும். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையுற ஊர். மூணு வருஷத்துக்கு முன்னாடி அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்துபோச்சு. சர்க்கரையும் இருக்கு, காலையிலயும் ராத்திரியும் இன்சுலின் போடணும். சித்தப்பா விடிஞ்சா தோட்டத்துக்குப் போயிருவார். எல்லாத்தையும் பார்க்கிறது எங்க சித்தி ஒருத்தர்தான்.

நான் பெங்களூர்ல இருக்கேன். என் பங்குக்கு மாசாமாசம் காசு அனுப்பினேன். கட்டிலுக்கு நேரா ஒரு கேமரா மாட்டினேன். மருந்து நேரத்துக்கு மணி அடிக்கிற ஆப் ஒண்ணு நானே எழுதினேன். ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தேன். காலையில மணி அடிச்சுது. சித்தி ஊசியை எடுத்து, மருந்தை ஏத்தி, ஜன்னல் வெளிச்சத்துல காட்டி, என்கிட்ட நீட்டினாங்க. "தம்பி, இருபது கோடு சரியா இருக்கா பாரு."

"ஏன் சித்தி, கண்ணு தெரியலையா?"

"ரெண்டு வருஷமா மங்கலாத்தான்டா இருக்கு. பக்கத்து வீட்டுப் புள்ளை பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி வந்து பார்த்துச் சொல்லும். அது ஊருக்குப் போயிட்டா ஒரு குத்துமதிப்பா ஏத்திருவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இன்சுலின் கூடிப்போனா சர்க்கரை ஒரேயடியா இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும். என் ஆப் சரியான நேரத்துக்கு மணி அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. ஊசியில இருக்கிற கோடு தெரியுதான்னு யாரும் கேட்கல.

டாக்டர்கிட்ட ஏன் போகலன்னு கேட்டேன். "மதுரைக்குப் போயிட்டு வர ஒரு நாள் முழுசா ஆகும். அன்னைக்கு இவுகளை யாருடா தூக்கி உக்கார வைக்கிறது?"

ஆபீஸ்ல நமக்கு ஆன்-கால் இருக்கு இல்லையா? ஒரு வாரம் நாம பார்ப்போம், அடுத்த வாரம் இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சிட்டு நிம்மதியாத் தூங்குவோம். சித்தி மூணு வருஷமா ஆன்-கால். ஒப்படைக்க ஆளே இல்ல.

உதவியே கிடையாதான்னா, அப்படி இல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்சு, மாநிலம் முழுக்க வந்த திட்டம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருவாங்க. படுக்கையில இருக்கறவங்களுக்கு இயன்முறை சிகிச்சையும், நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுலயே உண்டு. உங்க வீட்டுப் பேர் அதுல இருக்கான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

அடுத்தது 14567. முதியோருக்கான இலவச உதவி எண். காலையில 8 மணியில இருந்து ராத்திரி 8 மணி வரைக்கும் பேசலாம். பென்ஷன், முதியோர் இல்லம், சட்ட உதவின்னு எதைப் பத்தியும் கேட்கலாம். இன்னொண்ணு 14416, டெலி மானஸ். மனநலத்துக்கான எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயும் பேசலாம். இது பார்த்துக்கிறவங்களுக்கும்தான். "என்னால முடியல"ன்னு வீட்டுல சொல்ல முடியாதவங்க அங்க சொல்லலாம்.

சட்டமும் இருக்கு. பிள்ளைங்க கவனிக்கலன்னா, பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-ன் கீழ கோட்டாட்சியர்கிட்ட மனு குடுக்கலாம். மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் பராமரிப்புத் தொகை கேட்கலாம்.

ஆக, மாத்திரை வரும், செவிலியர் வருவாங்க, காசும் வாங்கிக்கலாம். ஆனா வர்றவங்க பார்த்துட்டுக் கிளம்பிடுவாங்க. சித்திக்கு வேண்டியது ஒரு முழு நாள். அதை எந்தத் திட்டத்துல கேட்கிறது?

இதுக்குக் கேரளாவுல ஒரு நல்ல பாடம் இருக்கு. 1993-ல கோழிக்கோட்டுல டாக்டர்கள் சேர்ந்து ஆரம்பிச்ச நோய் ஆதரவு சிகிச்சை வேலை, பின்னாடி ஊர் ஊரா அக்கம்பக்கத்து வலைப்பின்னலா வளர்ந்துச்சு. அதுல சேர்ற சாதாரண ஆளுங்ககிட்ட கேட்டது பணமில்ல, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். அதுக்குப் பயிற்சியும் குடுத்தாங்க.

நானும் நேரத்தைக் குடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க சித்தி பின்னாடியே சுத்தி, அவங்க செய்யறதை எல்லாம் எழுதினேன். எப்ப திருப்பிப் படுக்க வைக்கணும், கஞ்சி எவ்வளவு தண்ணியா இருக்கணும்னு ரெண்டு பக்கம் வந்துச்சு. மறுநாள் அதைக் கையில வச்சுக்கிட்டு சித்தியை மதுரைக்கு அனுப்பினேன்.

காலையிலயே தோத்துட்டேன். துணி மாத்தப் போனா அப்பத்தா என்னைத் தொடவே விடல. பேரன்கிட்ட அவங்களுக்கு வெட்கம், அது நியாயம்தானே? பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து மாத்திவிட்டாங்க. அந்த அக்காதான் இப்ப மாசத்துல நாலு நாள் வர்றாங்க. சம்பளம் நானும் பெரியப்பா பசங்களும் பங்கு போட்டுக் குடுக்கறோம். மாசத்துல ஒரு வாரம் நான் அங்க இருந்தே வேலை பார்க்கிறேன், சிக்னல் கிடைக்கிற இடத்துல.

சித்திக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஒரு கண்ணுல ஆபரேஷன் முடிஞ்சாச்சு. இப்ப கோடு தெரியுது.

கேமராவைக் கழட்டிட்டேன். சித்திதான் சொன்னாங்க, "அது என்னையும் பார்த்துக்கிட்டே இருக்குடா தம்பி."

இன்னைக்கு ராத்திரி ஊருக்கு போன் பண்ணுவீங்க இல்லையா? "பாட்டி எப்படி இருக்காங்க"ன்னு கேட்டதும் வச்சிடாதீங்க. போனை எடுத்தவங்ககிட்ட இன்னொண்ணும் கேளுங்க: "நீங்க கடைசியா எப்ப டாக்டர்கிட்ட போனீங்க?"

பதில் வர்ற வரைக்கும் லைன்ல இருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.