புகாரே வரலைன்னா, அது நல்ல செய்தியா?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறோம். உங்க கம்பெனியில, உங்க லைன்ல, ஒரு வருஷமா ஒரு புகார்கூட வரலை. இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். எனக்குச் சொந்த ஊர் கொமரலிங்கம். அமராவதிப் பாசனம், நெல் வயல்னு இருக்கற ஊர். ஆனா விடியறதுக்கு முன்னாடியே மில் வண்டியும் பனியன் கம்பெனி வண்டியும் வந்து நிக்கும். நானும் அந்த வண்டியில ஏறிப் போனவன்தான். செக்கிங்ல ஆரம்பிச்சு, டெய்லராகி, அப்புறம் லைன் சூப்பர்வைசர் ஆனேன். அதுக்கு எனக்கு என்ன பயிற்சி கொடுத்தாங்க தெரியுங்களா? ஒரு நோட்டு, ஒரு பேனா, மணிக்கு இத்தனை பீஸ்னு ஒரு டார்கெட். அவ்வளவுதான். மிச்சத்தை எனக்கு மேல இருந்தவரைப் பார்த்துக் கத்துக்கிட்டேன். அவர் சத்தம் போடுவார். நானும் சத்தம் போட்டேன்.

என் லைன்ல எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு ஓவர்லாக் ஓட்டிட்டு இருந்துச்சு. வேகமான கை. ஒரு நாள், "அண்ணா, பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்"னு கேட்டுச்சு. ஷிப்மென்ட் நேரம். "இந்தக் கட்டை முடிச்சுட்டுப் போ"ன்னேன். முடிச்சுது. அதுக்குள்ள அடுத்த கட்டு வந்துருச்சு. இப்படி எத்தனை நாள் நடந்திருக்கும்னு எனக்கு ஞாபகமே இல்லை. கொஞ்ச நாள்ல அந்தப் பொண்ணு வேலைக்கு வரலை. வேற கம்பெனிக்குப் போயிருக்கும்னு நினைச்சு, அந்த மிஷின்ல வேற ஆளைப் போட்டுட்டோம்.

ரெண்டு மாசம் கழிச்சு ஊர்ல பஸ் ஸ்டாப்ல அதையும் அவங்க அம்மாவையும் பார்த்தேன். சிறுநீர்த் தொற்று, விடாத காய்ச்சல், உடுமலையில ஆஸ்பத்திரி வாசம். வேலை நேரத்துல தண்ணி குடிக்கறதையே நிறுத்தியிருக்கு. குடிச்சா பாத்ரூம் போகக் கேட்கணுமே! "ஏன் சாமி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னேன். அந்தப் பொண்ணு சாதாரணமாச் சொல்லுச்சு: "சொன்னேனுங்கண்ணா. நீங்கதான் கட்டை முடிச்சுட்டுப் போகச் சொன்னீங்க."

எங்க கம்பெனியில புகார்ப் பெட்டி ஒண்ணு இருந்துச்சு. அந்த வருஷம் அதுல ஒரு சீட்டுகூட விழலை. ஆடிட்டுக்கு வந்தவங்ககிட்ட அதைப் பெருமையாச் சொன்னோம்.

சட்டம் இல்லாம இல்லைங்க. 1948-ல வந்த தொழிற்சாலைகள் சட்டமே உட்கார இடம், கேண்டீன், குழந்தைகள் காப்பகம், 500 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா நல அலுவலர்னு எல்லாத்தையும் சொல்லியிருந்துச்சு. 2013-ல வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, 10 பேர் வேலை பார்க்கற இடத்துலகூட உள்ளகக் குழு இருக்கணும். அதுக்குத் தலைவர் ஒரு பெண்ணா இருக்கணும். பல இடங்கள்ல இந்தக் குழுவோட பெயர்ப் பட்டியலைச் சுவர்ல ஒட்டியிருப்பாங்க. ஆனா அந்தச் சுவர் வரைக்கும் ஒரு பொண்ணு போறதுக்கு, குறுக்கே நிக்கற சூப்பர்வைசரைத் தாண்டணும். புகாரே அவர் மேலன்னா என்ன பண்றது?

இது எங்க போய் முடியும்னு 2021 ஜனவரியில பார்த்தோம். திண்டுக்கல் மாவட்டத்துல, ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுக்குச் சொந்தமான ஆடைத் தொழிற்சாலையில வேலை பார்த்த ஒரு இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டாங்க. அங்கேயே சூப்பர்வைசரா இருந்தவர் கைதானார். அவர் மாசக்கணக்கா தொந்தரவு கொடுத்துட்டு இருந்தார்னு குடும்பமும் தொழிற்சங்கமும் சொன்னாங்க.

அந்தச் சங்கத்தோட பேர் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். பெண்கள் முன்னின்று நடத்தற சங்கம். ஒரு வருஷத்துக்கும் மேல போராடி, பேசி, 2022 ஏப்ரல்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். ஈஸ்ட்மேன் கையெழுத்துப் போட்டுது. சரக்கு வாங்கற எச் அண்ட் எம் சேர்ந்துச்சு. அப்புறம் கேப், பி.வி.எச். கம்பெனிகளும் வந்தாங்க. தொழிற்சாலை ஒப்பந்தத்தை மீறினா, அதுக்கான வியாபார விளைவை இந்தப் பிராண்டுகள் கொடுத்தாகணும்னு இருந்துச்சு. நல்லெண்ணத்தை மட்டும் நம்பாம, கட்டுப்படுத்தற விதியா எழுதினாங்க.

அதுல எனக்குப் பெரிசாத் தெரியறது ஒரு ஏற்பாடு. தொழிலாளிகள்ல இருந்தே, சுமார் 25 பேருக்கு ஒருத்தர்னு கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துச்சு. பக்கத்து மிஷின்ல தைக்கற அக்காதான் அவங்க. யாரையாவது கெட்ட வார்த்தையில திட்டினா, தொந்தரவு கொடுத்தா, அதை மேல எடுத்துட்டுப் போறது அவங்க வேலை. அதுக்காக அவங்களைப் பழிவாங்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருந்துச்சு. சூப்பர்வைசர்களுக்கும் மேனேஜர்களுக்கும் பயிற்சி இருந்துச்சு.

முதல் வருஷ அறிக்கையில என்ன இருந்துச்சு தெரியுங்களா? 185 புகார்கள். நம்ம முதலாளிங்க பல பேர் இதைக் கேட்டாப் பயந்துடுவாங்க. "ஐயோ, இத்தனை பிரச்சினையா?"ன்னு. ஆனா அதுல 98 சதவீதம் தீர்க்கப்பட்டுச்சு. சொன்னா நடக்கும்னு நம்பிக்கை வந்ததாலதான் 185 புகார்கள் வெளியே வந்துச்சு. எங்க கம்பெனியோட காலிப் பெட்டிக்கும் இந்த 185-க்கும் நடுவுல இருக்கறது அந்த நம்பிக்கைதான்.

"இதெல்லாம் செலவு சார், ஆர்டர் விலையில கட்டுமா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பெங்களூருல ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் தொழிற்சாலைகள்ல, கேப் கம்பெனி 2007-ல தொடங்கின பேஸ்ங்கற பயிற்சியை நடத்தினாங்க. பெண் தொழிலாளிகளுக்கு எப்படிப் பேசறது, நேரத்தை எப்படித் திட்டமிடறது, பிரச்சினையை எப்படி அணுகறதுன்னு சுமார் 80 மணி நேரம் சொல்லிக் கொடுத்தாங்க. அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் அதைக் கணக்குப் பார்த்தாங்க. பயிற்சி எடுத்தவங்களோட உற்பத்தி கூடியிருந்துச்சு. பயிற்சி முடிஞ்ச எட்டு மாசத்துக்குள்ள, போட்ட பணத்தைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல கம்பெனிக்கு நிகர லாபம். ஆக, வாயைத் திறந்து பேசக் கத்துக்கிட்ட ஆளால நஷ்டம் வராதுங்க.

இப்ப லைன்ல நிக்கற தம்பி தங்கச்சிகளுக்கு மூணு விஷயம். ஒண்ணு, பாத்ரூம் போறதுக்கு யாரும் உங்ககிட்ட அனுமதி கேட்கற நிலைமையே வேண்டாம். மாத்து ஆள் ஒருத்தரை லைன்ல வையுங்க. ரெண்டு, ஆல்டர் பீஸ் வந்தா பத்துப் பேர் முன்னாடி கத்தாம, மிஷின்கிட்டப் போய்த் தையலைக் காட்டிப் பேசுங்க. மூணு, ஒருத்தர் திடீர்னு வேலைக்கு வரலைன்னா, ஆள் போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க.

முதலாளிகளுக்கு ஒண்ணே ஒண்ணு. நல்லாத் தைக்கறவரை சூப்பர்வைசர் ஆக்கறீங்க, சரி. தைக்கறது ஒரு வேலை, ஆளை நடத்தறது வேற வேலை. அந்த ரெண்டாவது வேலையைச் சொல்லிக் கொடுத்துட்டு அப்புறம் நோட்டைக் கையில கொடுங்க. எனக்கு யாராவது அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா, அந்தப் பொண்ணு முதல் தடவை சொன்னப்பவே எனக்குக் காது கேட்டிருக்கும்.

நாளைக்குக் கம்பெனிக்குப் போனதும் உங்க புகார்ப் பெட்டியைத் திறந்து பாருங்க. காலியா இருந்தா, சந்தோஷப்படாதீங்க. ஏன் காலியா இருக்குன்னு விசாரிங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.